மரக்காணம்: உப்பு வரி முதல் கார் வரி வரை

கிழக்குக் கடற்கரைச் சாலையில் சென்னையிலிருந்து தெற்கே செல்லும் குடும்பங்களுக்கு மாமல்லபுரம் தெரியும்; புதுச்சேரி மணக்குள விநாயகரையும் தெரியும். இவ்விரண்டுக்கும் நடுவே, சென்னையிலிருந்து ஏறத்தாழ 120 கிலோமீட்டர் தொலைவில், சாலையோரத்து நிலம் சட்டென்று வெளுத்துப்போகும் ஓர் ஊர் உண்டு. சதுரம் சதுரமாக வானத்தை ஏந்திக் கிடக்கும் பாத்திகளும், கரைகளில் குவிந்த வெண்மையும் அது மரக்காணம் என்று சொல்லிவிடும். சனிக்கிழமைக் காலைகளில் அவ்வழியே ஓடும் கார்களுக்குக் கணக்கில்லை. அவற்றுள் சில உப்பளத்து ஓரமாக நிற்கும். பிள்ளைகள் இறங்குவார்கள், புகைப்படம் எடுத்துக்கொள்வார்கள், ஐந்து நிமிடத்தில் கதவுகள் சாத்தப்படும். ஊருக்குள் ஆயிரம் ஆண்டுப் பழமையுடைய பூமீஸ்வரர் கோயில் ஒன்று இருப்பதை அவர்களில் பலர் அறியாமலே புதுச்சேரி போய்ச் சேர்ந்துவிடுகிறார்கள்.

தை பிறந்து மழை முற்றும் ஓய்ந்தபின் உப்பள வேலை தொடங்குகிறது. மழைக்காலத்தில் கரைந்தும் சரிந்தும் போன வரப்புகளை முதலில் சீர்செய்ய வேண்டும். பின்னர் உவர்நீரை வாய்க்கால்வழி பாய்ச்சி, ஒரு பாத்தியிலிருந்து மறு பாத்திக்கு மாற்றி மாற்றி நிறுத்துகிறார்கள். வெயில் குடித்தது போக எஞ்சுவது தடித்துத் தடித்துப் பூத்து உப்பாகிறது. அதை நீண்ட காம்புடைய பலகையால் இழுத்துக் கரையேற்றிக் குவிக்க வேண்டும். உச்சிவெயிலில் அந்த வெண்மையைக் கண்கொண்டு பார்க்க இயலாது. ஆகையால் விடியுமுன்னரே ஆட்கள் இறங்கிவிடுகிறார்கள். உப்புநீரில் நின்று நின்று பாதங்கள் வெடிக்கின்றன. புரட்டாசி வரை இப்படியே ஓடும். வடகிழக்குப் பருவமழை வந்தவுடன் குவியல்களை மூடிவிட்டுத் தொழிலாளர் வீட்டில் அமர்கின்றனர். வேலையற்ற அந்த மழை மாதங்களுக்கென்று தமிழ்நாடு அரசு ஒவ்வோர் உப்பளத் தொழிலாளர் குடும்பத்துக்கும் 5,000 ரூபாய் நிவாரணம் வழங்கி வருகிறது. இந்தத் தொகை பின்னால் மறுபடியும் வரும்.

பாத்திக்கும் பாத்திக்கும் நடுவே இருப்பது களிமண் வரப்பு. அதன்மேல் காரை ஏற்றிப் படமெடுக்க ஆசைப்படும் இளைஞர்கள் இக்காலத்தில் பெருகிவிட்டார்கள். இந்த ஆசைக்கு வெளிநாட்டுப் படங்களும் ஒரு காரணமாக இருக்கலாம். அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் பான்வில் என்னும் பரந்த உப்புவெளி உண்டு. 1935-இன் தொடக்கத்தில் புளோரிடாவின் டேடோனா கடற்கரை மணலில் தம் ‘புளூ பேர்ட்’ காரை ஓட்டிப் பார்த்த சர் மால்கம் கேம்பல், மணலின் மேடுபள்ளம் ஒத்துவராமல், அதே ஆண்டு செப்டம்பரில் பான்வில்லுக்கு வந்தார். அங்கே மணிக்கு 300 மைலைக் கடந்தார். அதாவது ஏறத்தாழ 484 கிலோமீட்டர். அன்று முதல் தரை வேகத்தின் வரலாற்றில் உப்புக்கும் ஓர் இடம் கிடைத்தது. ஆனால் பான்வில் இயற்கையாகவே இறுகிக் கிடக்கும் உப்புத்தரை. மரக்காணத்தில் இருப்பதோ மனிதர் மண்வெட்டியால் கட்டிய வரப்பு. ஒரு சக்கரம் பட்டு வரப்பு உடைந்தால் பல நாள் காய்ச்சிய நீர் பக்கத்துப் பாத்திக்கு ஓடிவிடும். படம் எடுப்போர் சாலையிலேயே நின்று எடுப்பது நல்லது. காருக்கும் அதுவே நல்லது. உவர்ச்சேறு அடித்தகட்டில் ஒட்டினால் துரு பிடிக்க அதிக நாள் ஆகாது.

ஊருக்குள் சென்றால் பூமீஸ்வரர் திருக்கோயில். இறைவி கிரிஜாம்பிகை. ஊர்ப்பெயருக்கு அங்கே வழங்கும் செவிவழிக் கதை இனிமையானது. பூசைக்கு லிங்கம் கிடைக்காத அன்பர் ஒருவர், தானியம் அளக்கும் மரக்காலைக் கவிழ்த்து வைத்து அதையே சிவமாகக் கருதி வழிபட்டாராம். வழிபாடு முடிந்து எடுக்கப் போனால் அது மண்ணுக்குள் இறங்கிவிட்டிருந்தது. ‘மரக்காலைக் காணோம்’ என்ற வியப்பே மரக்காணம் ஆயிற்று. பூமிக்குள் சென்று நின்றவர் பூமீஸ்வரர் ஆனார் என்பர். பெயராய்வாளர்கள் இதை ஏற்பார்களா என்பது வேறு. உப்பையும் நெல்லையும் அளந்து வாழ்ந்த ஊருக்கு அளவுகருவியே இறைவனாக வந்தது பொருத்தமாகத்தான் இருக்கிறது.

கோயிற் சுவர்களில் சோழர் காலக் கல்வெட்டுகள் உள்ளன. உப்பளங்களும் அவற்றின் வருவாயும் அவற்றில் பேசப்படுகின்றன. உப்பு விளையும் நிலத்துக்கு ‘அளம்’ என்பதே அக்காலப் பெயர். ‘உப்பளம்’ என்ற சொல்லில் அது இன்றும் உயிரோடிருக்கிறது. பத்துப்பாட்டுள் ஒன்றான சிறுபாணாற்றுப்படை பேசும் எயிற்பட்டினம் இந்த ஊரே என்று அறிஞர் கருதுவர். ஆக, சங்ககாலத் துறைமுகம், சோழர்கால உப்பளம், அதன் வருவாயில் பங்குபெற்ற ஈசன் என்று ஊரின் பழமை அடுக்கடுக்காகக் கிடக்கிறது. உப்பு விளைந்த இடத்திலெல்லாம் வரியும் விளைந்தது என்பதையும் அந்தக் கற்களே சொல்கின்றன.

விளைந்த உப்பு எப்படிப் போயிற்று என்பது அடுத்த கதை. சென்னைக்கு வடக்கே 1806 முதல் வெட்டப்பட்ட கால்வாய் படிப்படியாக நீண்டது. 1876 முதல் 1878 வரை வாட்டிய தாதுவருடப் பஞ்சத்தில், பசித்தோருக்குக் கூலி கொடுக்கும் வேலையாக அது மேலும் வெட்டப்பட்டு, அப்போதைய ஆளுநர் பக்கிங்காம் பிரபுவின் பெயரைப் பெற்றது. அதன் தென்முனை மரக்காணத்தை அடுத்த கழிமுகம். படகுகள் வந்து திரும்பிய எல்லை அது. கால்வாய்க் காலத்தில் மரக்காணம் ஒரு முடிவிடம்.  1965, 1966-ஆம் ஆண்டுகளின் புயல்களில் கால்வாய் சிதைந்தது. படகு போய் லாரி வந்தது. பின்னர் மீனவ ஊர்களின் சிறு சாலைகளைக் கோத்துக் கிழக்குக் கடற்கரைச் சாலை உருவாயிற்று. முடிவிடமாக இருந்த ஊர் வழியிடமாகிவிட்டது. எல்லோரும் கடந்துபோகும் ஊரானபின் யாருக்கும் அங்கே இறங்கத் தோன்றவில்லை.

அந்தச் சாலை 2002 மார்ச்சு முதல் சுங்கச் சாலையாயிற்று. மரக்காணத்துக்குத் தெற்கே அனுமந்தையில் ஒரு சுங்கச்சாவடி அமைக்கப்பட்டது. முதலாம் குலோத்துங்கனுக்குச் ‘சுங்கம் தவிர்த்த சோழன்’ என்று ஒரு பட்டம் உண்டு. அவன் ஆண்ட கரையில் ‘சுங்கம்’ என்ற அதே சொல் இன்று கார்களை வரிசையில் நிறுத்திவைக்கிறது.

வரிசையில் நிற்கும் கார்களின் எண்பலகைகளைச் சற்றுக் கவனித்தால் ஒரு வேடிக்கை புலப்படும். மரக்காணத்துக்கு அருகிலுள்ள திண்டிவனத்தின் பதிவெழுத்து டி.என். 16, விழுப்புரத்துக்கு டி.என். 32. சென்னை எண்கள் இருப்பதில் வியப்பில்லை. ஆனால் விலையுயர்ந்த பெரிய கார்களுள் பி.ஒய். 01 என்று தொடங்குவன அவற்றுக்குரிய பங்கைவிட மிகுதியாகத் தென்படும். புதுச்சேரி ஒரு சிறு நிலப்பரப்பு. அத்தனை செல்வர்கள் அங்கே குடியிருக்கிறார்களா என்று கேட்டால், குடியிருப்பது அவர்களல்லர், அவர்களுடைய முகவரிகளே.

காரணம் எளியது. காரின் மீது மத்திய அரசின் சரக்கு-சேவை வரி நாடெங்கும் ஒன்றே. ஆனால் பதிவின்போது கட்டும் ஆயுட்கால வரி மாநிலத்துக்கு மாநிலம் மாறும். தமிழ்நாட்டில் 2023 நவம்பரில் உயர்த்தப்பட்ட விகிதத்தின்படி, 20 லட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட காருக்கு விலையில் 20 சதவீதம். 25 லட்சம் ரூபாய் காருக்கு இது 5 லட்சம் ஆகிறது. புதுச்சேரியில் அந்தச் சுமை மிகக் குறைவு. ஆகவே அங்கே ஒரு வாடகை ஒப்பந்தமோ உறவினர் வீட்டு முகவரியோ காட்டிப் பதிவு செய்துகொண்டு, காரை ஊருக்கு ஓட்டி வந்துவிடுவோர் உளர். தென்னிந்தியா முழுவதும் பல்லாண்டாக நடக்கும் வழக்கம் இது. கேரளத்தில் 2017-இல் இதன்மேல் வழக்குகளே எழுந்தன.

சட்டம் இதில் தெளிவாகவே இருக்கிறது. 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தின் 47-ஆவது பிரிவின்படி, ஒரு மாநிலத்தில் பதிவான வண்டியை வேறொரு மாநிலத்தில் 12 மாதங்களுக்கு மேல் வைத்திருந்தால் புதிய மாநிலத்தின் எண்ணைப் பெற வேண்டும். வரியும் அங்கே கட்ட வேண்டும். பணியிட மாறுதலால் ஊர் ஊராகச் செல்வோருக்கு இது தொல்லை என்பதை உணர்ந்துதான் 2021 செப்டம்பரில் ‘பி.எச்.’ என்னும் பாரத வரிசை எண் கொண்டுவரப்பட்டது. மத்திய, மாநில அரசு ஊழியர், பொதுத்துறை நிறுவனத்தார், நான்கு அல்லது அதற்கு மேற்பட்ட மாநிலங்களில் அலுவலகம் உடைய தனியார் நிறுவனங்களில் பணிபுரிவோர் ஆகியோர் இரண்டிரண்டு ஆண்டுகளாக வரி கட்டிக்கொண்டு நாடு முழுவதும் அதே எண்ணில் ஓட்டலாம். நேர்வழி இல்லாமலில்லை. புதுச்சேரியில் உண்மையாகவே வாழ்ந்து தொழில் செய்வோரின் பி.ஒய். எண்ணைக் கண்டு முகம் சுளிப்பதும் தகாது. எண்பலகையை மட்டும் பார்த்து மனிதரை எடைபோட முடியாது.

எண்பலகைக்கும் நெடிய வரலாறு உண்டு. சென்னையில் காரின் காலம் தொடங்கியபோது ‘எம்.சி. 1’ என்ற முதல் எண் துறைமுகப் பொறுப்பாளர் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங்குக்குக் கிடைத்தது. 1903-இல் சிம்ப்சன் நிறுவனத்தின் சாமுவேல் ஜான் கிரீன் நீராவியால் ஓடும் காரைச் சென்னையிலேயே உருவாக்கினார். அக்காலத்தில் எண்பலகை பெருமையின் அடையாளம். அது வரிக்கணக்கின் அடையாளமானது பிற்காலத்தில்.

ஒரே கரையில் இரண்டு ஆட்சி, இரண்டு வரி என்பது இந்த நிலத்துக்குப் புதிதன்று. காருக்கு முன்னால் அந்த வேறுபாட்டில் விளையாடிய பொருள் இதே உப்புத்தான்.

மரக்காணத்துக்கு வடக்கே கடப்பாக்கத்தை ஒட்டி ஆலம்பரைக் கோட்டையின் இடிபாடுகள் கழிமுகத்தைப் பார்த்தபடி நிற்கின்றன. 1750-இல் அது பிரெஞ்சு ஆளுநர் டூப்ளே கைக்கு வந்தது. 1760-இல் ஆங்கிலேயர் பிடித்தனர். காலப்போக்கில் இந்தக் கரையில் ஆங்கிலேயர் ஒருபுறம், புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர் மறுபுறம் என்று எல்லை நிலைத்தது. 1805-இல் கிழக்கிந்தியக் கம்பெனி சென்னை மாகாணத்தில் உப்பைத் தன் ஏகபோகமாக்கியது. அளத்தில் விளைந்ததை அரசே வாங்கி, அரசே விலை வைத்து விற்றது. அடுத்த ஊரில் பிரெஞ்சுக்காரர் தாமே உப்பு விளைவித்தால் அந்த விலை நிற்குமா? எல்லை தாண்டும் ஒவ்வொரு மூட்டையும் கம்பெனியின் கருவூலத்தில் ஓட்டைதான்.

ஆகவே 1815-இல் இலண்டனில் ஓர் உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. பிரெஞ்சுப் பகுதிகளில் விளையும் உப்பை வாங்கும் தனியுரிமை கம்பெனிக்கு வந்தது. உப்பு, அபினி தொடர்பான இத்தகைய உரிமைகளுக்கு ஈடாக ஆண்டுதோறும் 4 லட்சம் சிக்கா ரூபாய் கொடுக்க ஒப்புக்கொள்ளப்பட்டது. மூன்றாண்டு கழித்து, 1818-இல், இன்னொரு படி மேலே போய்ப் பிரெஞ்சுப் பகுதிகளில் உப்பு விளைவிப்பதையே நிறுத்த ஏற்பாடாயிற்று. அளத்துக்காரர்களுக்கு ஈடாக ஆண்டுக்கு 4,000 வராகன். தன் பக்கத்து உப்பின் விலை குறையாதிருக்க, எதிர்ப்பக்கத்து அளங்களைக் காய்ந்து கிடக்கச் செய்ய ஓர் அரசு பணம் கட்டியது. வரி வேறுபாட்டை ஒழிக்க வரலாற்றில் எடுக்கப்பட்ட வழிகளுள் இது விசித்திரமானது.

அந்த உப்பு வரியின் முடிவு எல்லோரும் அறிந்தது. 1930-இல் காந்தியடிகள் தண்டியிலும் இராஜாஜி வேதாரண்யத்திலும் உப்பெடுத்தார்கள். 1947-இல் வரி நீங்கியது. புதுச்சேரி 1954 நவம்பர் முதல் நாள் இந்தியாவின் நிர்வாகத்துக்கு வந்தது. இன்று உப்புக்குச் சரக்கு-சேவை வரி சுழியம். 2025 செப்டம்பர் 22 முதல் சிறிய கார்களுக்கு அவ்வரி 18 சதவீதம்; பெரிய கார்களுக்கு 40 சதவீதம். ஏழையின் கஞ்சியில் விழுந்த வரி எடுபட்டு, வசதியுள்ளவரின் வாகனத்தில் ஏறியிருக்கிறது. இது நியாயமான மாற்றம் என்றே கொள்ள வேண்டும்.

முன்பு வரி கட்டாத உப்பைச் சுமந்து எல்லை கடந்தவன், கூழுக்கு உப்பில்லாதவனாக இருந்திருக்கலாம். அவன்மேல் இரக்கம் தோன்றுகிறது. இன்று பொய் முகவரியில் எல்லை கடந்து வரும் 25 லட்சம் ரூபாய்க் காருக்கு அந்த இரக்கத்தில் பங்கில்லை. அதன் உரிமையாளர் மிச்சப்படுத்துவதாக எண்ணும் தொகை 5 லட்சத்தை நெருங்குவதென்றால், மழைக்காலத்தில் மரக்காணத்து உப்பளக் குடும்பங்கள் நூறு பெறும் நிவாரணம் அது. இரண்டும் ஒரே கருவூலத்தைச் சேர்ந்த பணம். வெண்மையான பாத்திகளின் முன் அந்தக் காரை நிறுத்திப் படமெடுத்துக்கொள்பவருக்கு, பின்னணியில் பலகை இழுப்பவரோடு தமக்கு இப்படியொரு கணக்கு உண்டென்பது தெரிந்திருக்க வாய்ப்பில்லை.

புதுக் கார் வாங்கியவுடன் கோயில் வாசலுக்கு ஓட்டி வருவது நம் குடும்பங்களின் வழக்கம். மாலை, மஞ்சள், குங்குமம், நான்கு சக்கரத்தின் கீழும் எலுமிச்சை. தெய்வத்தைச் சுமக்கும் ரிஷபத்துக்கும் கருடனுக்கும் நாம் வழங்கும் ‘வாகனம்’ என்ற சொல்லே காருக்கும் வழங்குகிறது. அர்ச்சகர் சாவியை மூலவர் பாதத்தில் வைத்து எடுத்துக் கொடுப்பார். சிலர் பதிவுச் சான்றையும் சேர்த்து வைப்பதுண்டு. அதில் எழுதியுள்ள முகவரி மெய்யானதாக இருந்தால் வைப்பவருக்கும் நிம்மதி. வீடு திரும்பியதும் பாட்டிமார் கல்லுப்பும் மிளகாயும் சுற்றிப் போட்டுத் திருஷ்டி கழிப்பார்கள். அந்தக் கல்லுப்பு ஒருவேளை மரக்காணத்து உப்பாகவே இருக்கலாம்.

பூமீஸ்வரரைத் தரிசிக்க விரும்புவோர் உச்சிவெயிலுக்கு முன் சென்றுவிடுவது நலம். உப்பள வேலையைக் காணவும் காலைப்பொழுதே ஏற்றது. மேற்கே திண்டிவனம் செல்லும் சாலையும் இவ்வூரில்தான் பிரிகிறது. ஊருக்குத் தென்மேற்கே கழுவேலி என்னும் பெரிய உவர்நீர் ஏரி பரந்து கிடக்கிறது. 2021-இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. பனிக்காலத்தில் வரும் பறவைகளைக் காண நேரம் ஒதுக்கிக்கொள்ளலாம்.

சாலை மறுபடியும் மாறப்போகிறது. மரக்காணம் முதல் புதுச்சேரி வரை 46 கிலோமீட்டரை நான்கு வழிச் சாலையாக்க 2025 ஆகஸ்டில் மத்திய அமைச்சரவை 2,157 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு ஒப்புதல் அளித்தது. இனிக் கார்கள் இன்னும் விரைந்து போகும். விடியற்காலையில் மிதிவண்டியில் அளத்துக்குப் போகிறவர்கள் இரண்டு வழிக்குப் பதில் நான்கு வழியைக் கடக்க வேண்டும். அவர்கள் கடக்குமிடத்தில் விளக்கும் வேகத்தடையும் வேண்டுமென்பது திட்டம் தீட்டுவோர் நினைவில் இருக்க வேண்டிய செய்தி. மாலையில் அதே இடத்தில் உப்பு ஏற்றிய லாரிகள், முகப்பில் எலுமிச்சையும் மிளகாயும் ஆட, சாலைக்கு ஏறக் காத்து நிற்கின்றன. தெற்கே போகும் கார்களின் வரிசையில் இடைவெளி விழும்வரை அவை அசைவதில்லை.